‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’: பெயர்ச்சொல் பாடத்துக்குள் இருக்கும் குடும்பப் பாடம்

குழந்தை பேசத் தொடங்கும்போது கற்றுக்கொள்ளும் பெயர்ச்சொற்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் வீட்டு ஆட்கள்தான். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அக்கா, மாமா. அதனால்தான் பள்ளியில் பெயர்ச்சொல் பாடம் தொடங்கும்போதும் ஆசிரியர் இதே இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்: “உங்க வீட்ல யார் யார் இருக்காங்க? சொல்லுங்க பாக்கலாம்.”

கேள்வி எளிமையானது. பதில் எல்லாக் குழந்தைக்கும் எளிமையானதில்லை. ஒரு குழந்தையின் அப்பா துபாயில் இருக்கிறார், மாதக்கணக்கில் அலைபேசித் திரையில் மட்டும் வருகிறார். இன்னொரு குழந்தையை அம்மா தனியாக வளர்க்கிறார். வேறொரு குழந்தை தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. ஒரு குழந்தை தத்தெடுக்கப்பட்டது. கரும்பலகையில் ‘அப்பா, அம்மா, நான், தம்பி’ என்று மட்டும் எழுதிவிட்டு ‘இதுதான் குடும்பம்’ என்று பாடத்தை முடித்தால், இந்தக் குழந்தைகள் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம்கூட ‘சரியாக’ எழுத முடியாது. தெரியாததால் அல்ல. அவர்கள் வீட்டுக்கு அந்தப் பாடத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலைப் பள்ளிப் பாடப் புத்தகம் வழியாகத் தொட்டுப் பார்த்த ஊர்களில் ஒன்று திருவனந்தபுரம். டெக்னோபார்க் வேலைக்காகவும் வேறு வேலைகளுக்காகவும் அங்கே குடியேறியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. காரணம், தமிழின் பிரதிப்பெயர்களும் வினை விகுதிகளும் மலையாளத்தைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பவை.

கேரளப் பாடப் புத்தகத்தில் என்ன மாறியது?

கேரளப் பள்ளிகளுக்கான பாடப் புத்தகங்களைத் தயாரிப்பது திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், சுருக்கமாக எஸ்.சி.இ.ஆர்.டி. 2024 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது 1, 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. அவற்றில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுப்படியில் அம்மா சமைக்கிறார், அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். ஆங்கிலவழிப் புத்தகத்தில் அப்பா மகளுக்குத் தின்பண்டம் செய்து தருகிறார். அப்போது பொதுக் கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி இந்தப் பக்கங்களைத் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் பகிர்ந்தார்.

அதற்கு முன்பே சொல்லிலும் ஒரு முயற்சி நடந்தது. 2023 ஜனவரியில் கேரள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், பள்ளிகளில் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைப்பதற்குப் பதிலாக ஆண், பெண் இருவரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்க வேண்டும் எனக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. பால் காட்டாத ஒரே பெயர்ச்சொல் போதும் என்பதுதான் அதன் சாரம்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 2021 இறுதியில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரியில் ஓர் அரசுப் பள்ளி மாணவியர் மாணவர்களைப் போலவே பேன்ட், சட்டைச் சீருடைக்கு மாறியபோது ஆதரவும் வந்தது, போராட்டமும் வந்தது. 2022-இல் பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்கான விவாதக் குறிப்பில் ஆண், பெண் குழந்தைகள் வகுப்பில் கலந்து உட்காருவது பற்றிய கேள்வி இடம்பெற்றது. மத அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. பொதுச் சீருடையைத் திணிக்க மாட்டோம் என்று அரசு சட்டமன்றத்தில் விளக்கம் தர வேண்டியிருந்தது.

தேங்காய் துருவும் அப்பா இந்த இழுபறிக்கு நடுவில் வந்தவர்தான். படத்தை மாற்றுவது கொஞ்சம் சுலபம். வாயில் வரும் வாக்கியத்தை மாற்றுவதுதான் கடினம்.

மலையாளத்தில் ‘வந்நு’, தமிழில் நான்கு விதம்

மலையாளத்தில் ‘அவன் வந்நு’, ‘அவள் வந்நு’, ‘அது வந்நு’. யார் வந்தாலும் வினைச்சொல் ஒன்றுதான். வினையின் கடைசியில் ஆணா பெண்ணா என்று காட்டும் விகுதி அந்த மொழியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்ந்துவிட்டது.

தமிழில் அப்படி நழுவ முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதே, சொல்லப்படுபவர் ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா இல்லையா என்ற இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். குழந்தை விகுதியோடு சேர்த்து அந்தத் தீர்ப்பையும் கற்றுக்கொள்கிறது.

நம் வீடுகளில் நாம் பேசுவதை ஒருநாள் கவனித்தால் மூன்று விஷயங்கள் பிடிபடும்.

ஒன்று, பல வீடுகளில் ‘அப்பா வந்தாரு’, ஆனால் ‘அம்மா வந்தா’. எழுதும்போது ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’. அம்மாவை ‘அவள்’ என்பது நெருக்கத்தால்தான் என்று சொல்வோம். கடவுளையே ‘அவன்’ என்றும் ‘அவள்’ என்றும் பாடிய மொழி இது, அந்த நெருக்கம் உண்மைதான். ஆனால் அதே நெருக்கம் அப்பாவிடம் ஏன் இல்லை என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இரண்டு, எழுத்துத் தமிழில் ‘அவர்’ ஆண், பெண் இருவருக்கும் பொது. பேச்சில் ‘அவரு’ என்றால் பெரும்பாலும் ஆண். மரியாதைக்குரிய பெண்ணை ‘அவங்க’ என்கிறோம். அதனால் ‘டாக்டர் வந்தாரு’ என்று கேட்ட குழந்தை மனதில் ஆண் மருத்துவரைத்தான் வரைந்துகொள்கிறது. ‘டாக்டர் வந்தாங்க’ என்றால் யாராகவும் இருக்கலாம்.

மூன்று, ‘அந்தப் பையன் வந்தான்’ என்கிறோம். ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்கிறோம். பையனுக்கு உயர்திணை விகுதி, பொண்ணுக்கு அஃறிணை விகுதி. இது கேலியாகச் சொல்வது அல்ல, சாதாரணப் பேச்சு. தெலுங்கில் இது இலக்கணமாகவே இருக்கிறது. அங்கே ஒருமையில் ஆணுக்குத் தனி விகுதி, பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே விகுதி. தமிழ் எழுத்து வழக்கு அப்படிச் செய்வதில்லை. பேச்சு வழக்கு செய்கிறது.

வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று திருவனந்தபுரத்தில் வளரும் குழந்தை இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே தினமும் போய்வருகிறது. மலையாளத்தில் பேசும்போது கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியைத் தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது: இவர் ‘ஆன்’-ஆ, ‘ஆள்’-ஆ, ‘ஆர்’-ஆ?

பழைய இலக்கணம் என்ன சொல்கிறது?

‘அவங்க’ என்று பொதுவாகப் பேசுவது புது ஃபேஷன் என்று ஒரு பேச்சு உண்டு. நம் இலக்கண நூல்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. பிறகு ஐந்து பால்: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். நாம் இன்று ஒருவருக்கே மரியாதையாகச் சொல்லும் ‘அவர்’ இந்தப் பலர்பாலிலிருந்து வந்தது. ஒருவரைப் பலராகக் கருதுவதே மரியாதை. பேச்சுத் தமிழின் ‘அவங்க’, நெல்லை, குமரிப் பக்கத்து ‘அவிய’ எல்லாம் இதே வழியில் வந்தவைதான். பலர்பாலில் ஆண், பெண் பிரிவு இல்லை. ஆகவே ஒருவரின் பாலைச் சொல்லாமல் மரியாதையோடு பேசும் வசதி தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

பச்சைக் குழந்தைக்கு என்ன விகுதி? ‘குழந்தை அழுதது’, ‘பாப்பா தூங்குது’. குழவி, மகவு போன்ற சொற்கள் உயர்திணை ஆளைக் குறித்தாலும் அஃறிணை முடிவு பெறும் என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கும் செய்தி. குழந்தையைத் தமிழ் உடனே ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. வளர வளரத்தான் ‘அவன்’, ‘அவள்’ ஒட்டிக்கொள்கிறது.

ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களைப் பற்றியும் நூல்கள் பேசுகின்றன. பவணந்தி முனிவரின் நன்னூல், பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும் வைக்கிறது. ஒருவர் எதை விரும்புகிறார் என்பதைப் பால் தீர்மானிக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்ட விதி இது. அதே சூத்திரம் இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்கிறது. இன்று திருநர் ஒருவரை ‘அது’ என்பது அவமதிப்பு. ஆகவே பழைய நூலை அப்படியே தூக்கி வைக்க வேண்டியதில்லை. அதில் வழி இருக்கிறது, தடையும் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல் காலத்தோடு திருத்தப்படும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

‘நாம்’ என்றால் யார்? ‘நாங்கள்’ என்றால் யார்?

குடும்பம் பற்றிப் பேசும்போது தமிழில் மிக முக்கியமான பிரதிப்பெயர் ‘அவன்’, ‘அவள்’ அல்ல. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரட்டைதான்.

ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். தமிழில் எதிரே இருப்பவரைச் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்று இந்தப் பிரிவு உண்டு. ‘இது நம்ம வீடு’ என்பதற்கும் ‘இது எங்க வீடு’ என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். அம்மாவின் மறுமணத்துக்குப் பிறகு புதிய வீட்டுக்கு வந்த குழந்தைக்கும், தத்தெடுக்கப்பட்டு வந்த குழந்தைக்கும், ஊரிலிருந்து படிக்க வந்து சித்தி வீட்டில் தங்கியிருக்கும் குழந்தைக்கும் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. ஒரே பிள்ளையாக இருந்தாலும் தமிழ்க் குழந்தை ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்லும், ‘என் அம்மா’ என்று பேச்சில் சொல்வது குறைவு. அம்மா ஒரு தனி ஆளின் உடைமை இல்லை, ஒரு வீட்டின் ஆள் என்ற எண்ணம் அந்த ‘எங்க’வில் இருக்கிறது.

உறவுப் பெயர்களும் அப்படியே. பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா. அம்மாவும் அப்பாவும் இந்தச் சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியம்மா மகனும் சித்தப்பா மகளும் அண்ணன், தங்கைதான், ‘கஸின்’ என்ற தூரம் தமிழில் இல்லை. மானிடவியலாளர்கள் திராவிட உறவுமுறை என்று தனியாகவே பெயரிட்டு ஆராய்ந்த அமைப்பு இது. ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அம்மாக்களும் அப்பாக்களும் இருக்கலாம் என்பதைத் தமிழ்ச் சொற்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. பள்ளிப் படிவத்தில் இருக்கும் இரண்டு கட்டங்கள்தான் குறுகலானவை.

‘வழக்கமான குடும்பம்’ எது?

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற படம்தான் காலங்காலமான குடும்பம் என்று நினைப்பவர்கள் திருவனந்தபுரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

திருவிதாங்கூர் அரச குடும்பம் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறையைப் பின்பற்றியது. மன்னருக்குப் பிறகு அரியணை அவருடைய மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. பெண் வாரிசு இல்லாமல் வழி முடியும் நிலை வந்தபோது பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். திருவிதாங்கூரின் கடைசி ஆளும் மன்னர் சித்திரைத் திருநாளின் தாய் சேது பார்வதி பாயி 1900-இல் அப்படித் தத்தெடுக்கப்பட்டவர், ஓவியர் ரவி வர்மாவின் பேத்தி. நாயர் தறவாடுகளில் குழந்தை தாயின் வீட்டைச் சேர்ந்தது. வீட்டுப் பொறுப்பு அம்மாவின் மூத்த சகோதரனான காரணவரிடம். அங்கே ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு அர்த்தம் அப்பா இல்லை, மாமா.

தமிழ் பேசிய நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள்வழி இருந்தது. அது எல்லாருக்கும் நிம்மதியான ஏற்பாடும் அல்ல. தந்தையின் சொத்து மருமகனுக்குப் போக, மனைவியும் பிள்ளைகளும் கைவிடப்பட்ட கொடுமையைக் கிண்டலும் கண்ணீருமாகக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலில் எழுதினார். குழந்தைப் பாடல்களுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அதே கவிமணிதான். திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். கேரளத்தில் எஞ்சியிருந்த கூட்டுக் குடும்பச் சொத்து முறையை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் முடித்து வைத்தது. அது 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய கேரளத்துக்கு வந்தால், திருவனந்தபுரம் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் குடியேற்ற ஆய்வு 2018-இல் சுமார் 21 லட்சம் கேரளத்தவர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. 2023 ஆய்வில் அது சுமார் 22 லட்சம். எத்தனையோ வீடுகளில் அப்பாவோ அம்மாவோ கடல் கடந்து இருக்கிறார்கள். ‘அப்பா வீட்டில் இருக்கிறார்’ என்ற வாக்கியம் பல குழந்தைகளுக்கு வருடத்தில் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் பொருந்தும்.

அதே நகரில் 2002 நவம்பர் 14 அன்று மாநிலக் குழந்தைகள் நலக் குழு ‘அம்மத்தொட்டில்’ ஒன்றை அமைத்தது. வளர்க்க முடியாத பச்சைக் குழந்தையை யாரும் பார்க்காமல் பாதுகாப்பாக விட்டுச்செல்ல ஒரு மின்னணுத் தொட்டில். தமிழ்நாட்டில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நமக்குத் தெரியும். இந்தத் தொட்டில்களிலிருந்து தத்துப் போன குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். ‘நீ யார் ஜாடை, அம்மாவா அப்பாவா?’ என்பது அவர்களுக்குச் சாதாரணக் கேள்வியாக இருக்காது.

என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் ‘குடும்பங்கள் வேறுபடலாம்’ என்ற பொருளிலேயே ஒரு பாடம் இருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும் விஷயம்தான் இது.

சட்டம் எங்கே நிற்கிறது?

பெயர்களும் கட்டங்களும் வகுப்பறையோடு நிற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று தொடர்கின்றன. கடந்த கால் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வருகின்றன.

• 1999: கீதா ஹரிஹரன் வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதும் சூழ்நிலையைப் பொறுத்துத் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்றது உச்ச நீதிமன்றம்.

• 2015: திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

• 2021 ஆகஸ்ட்: செயற்கைக் கருத்தரிப்பு மூலம் தனித்துக் குழந்தை பெறும் பெண்ணுக்கு, தந்தை பெயர் கேட்காத தனிப் படிவம் தர வேண்டும் என்றது கேரள உயர் நீதிமன்றம்.

• 2022 ஜூலை: தாயின் பெயரை மட்டும் ஆவணங்களில் வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்றது அதே நீதிமன்றம். தகப்பன் பெயர் சொல்ல முடியாமல் அவமானப்பட்ட மகாபாரதக் கர்ணன்கள் இனி வேண்டாம் என்பது அந்தத் தீர்ப்பின் உணர்வு.

• 2022 ஆகஸ்ட்: தீபிகா சிங் வழக்கில், தனிப் பெற்றோர், மறுமணம், தத்து, பால்புதுமையர் உறவுகள் என வழக்கத்துக்கு மாறான குடும்பங்களும் உண்மையான குடும்பங்களே, சட்டப் பாதுகாப்புக்கு உரியவையே என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது.

• 2025 மே: குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும், ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்ற கருத்து இப்போது நிலைபெற்றுவிட்டது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது.

• 2025 ஜூன்: கோழிக்கோட்டைச் சேர்ந்த திருநர் இணையின் குழந்தைக்கு, ‘தந்தை’, ‘தாய்’ என்ற தனிக் கட்டங்கள் இல்லாமல் ‘பெற்றோர்’ என்று மட்டும் குறிப்பிட்டுப் பிறப்புச் சான்றிதழ் தர கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கடைசி வழக்கின் மையமே ஒரு பெயர்ச்சொல்தான். குழந்தையைச் சுமந்து பெற்றவர் திருநம்பி. அவரைச் சான்றிதழில் ‘தாய்’ என்றும் அவருடைய இணையான திருநங்கையைத் ‘தந்தை’ என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளியில் எந்தச் சொல்லைச் சொல்லும் என்பதே கேள்வி.

வீட்டில், வகுப்பில் எப்படிச் சொல்லித் தரலாம்?

*3, 4 வயது: ஆளும் செயலும்.* ‘அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன’ என்று தொடங்குவதற்குப் பதிலாகச் செயலிலிருந்து தொடங்குங்கள். “உனக்கு யாரு தலை வாரி விடுவாங்க? யாரு கதை சொல்வாங்க? யாரு தோசை சுடுவாங்க?” ‘யார்’ என்ற சொல்லுக்கு ஆண், பெண் கிடையாது. எந்த வீட்டுக் குழந்தைக்கும் பதில் இருக்கும். வந்த பதில்களே பெயர்ச்சொற்கள்: பாட்டி, மாமா, அப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

*5, 6 வயது: பெயருக்குப் பதிலாக ஒரு சொல்.* ‘ரவி விளையாடினான். ரவி சாப்பிட்டான். ரவி தூங்கினான்’ என்று சொல்லிக்கொண்டே போங்கள். குழந்தைக்கே சலிக்கும். இரண்டாவது இடத்தில் ‘அவன்’ போடச் சொன்னால் பிரதிப்பெயரின் வேலை புரிந்துவிடும். அடுத்து, ஒரு படத்தைக் கவிழ்த்து வைத்து “டாக்டர் வந்தாங்க, ஊசி போட்டாங்க, சிரிச்சாங்க. யாரா இருக்கும்?” என்று கேளுங்கள். பிறகு படத்தைத் திருப்புங்கள். சில நாள் ஆண், சில நாள் பெண். இதே ஆட்டத்தைப் போலீஸ், ஓட்டுநர், நர்ஸ், சமைப்பவர் என்று நீட்டலாம்.

*7, 8 வயது: பேச்சிலிருந்து எழுத்துக்கு.* ‘அம்மா வந்தாங்க’ என்பதை எழுத்தில் ‘அம்மா வந்தார்’ என்று எழுதப் பழக்குங்கள். வீட்டில் ‘அம்மா வந்தா’ என்று கொஞ்சலாகப் பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை. விதி ஒன்று போதும்: அப்பாவுக்கு என்ன விகுதியோ அதுவே அம்மாவுக்கும். ‘வந்தாள்’ என்றால் ‘வந்தான்’. ‘வந்தார்’ என்றால் ‘வந்தார்’.

*மரத்துக்குப் பதில் கோலம்.* குடும்ப மரம் வரையச் சொன்னால் இரண்டு கிளை கட்டாயம் வேண்டும். ஒரு கிளை காலியாக இருந்தால் அது எல்லார் கண்ணிலும் படும். அதற்குப் பதில் புள்ளிக் கோலம் போடச் சொல்லலாம். நடுப்புள்ளி குழந்தை. சுற்றிலும் எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை புள்ளிகள். ஷார்ஜாவில் இருக்கும் அப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி, இறந்துபோன தாத்தாவுக்கு வேறு நிறத்தில் ஒன்று, நாய்க்குட்டிக்கும் ஒன்று. கோடு எல்லாரையும் சுற்றி வரும்.

*குழந்தை கேட்டால்.* குட்டிக் கேள்விக்குக் குட்டிப் பதில் போதும்.

“அவனுக்கு ஏன்மா அப்பா இல்ல?”
“அவங்க வீட்ல அம்மாவும் பாட்டியும் இருக்காங்க. வீட்டுக்கு வீடு ஆளுங்க வேற வேற.”

“தத்துன்னா என்ன?”
“வேற ஒரு அம்மா வயித்துல பிறந்து, இவங்ககிட்ட வந்து வளர்றது. இவங்கதான் அவளோட அம்மா, அப்பா.”

“அவங்க அண்ணனா, அக்காவா?”
“பேரு என்னன்னு கேளு. எப்படிக் கூப்பிடணும்னு அவங்களே சொல்வாங்க.”

‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’

இந்தக் கேள்வி நியாயமானது, அலட்சியப்படுத்தக் கூடாது. தேசிய அளவிலும் இது எழுந்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் உள்ளடக்குவது குறித்து 2021-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்த பிறகு இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ஆனால் மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகள் தங்களை ‘பையன்’, ‘பொண்ணு’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். யாருக்கு ‘வந்தாரு’, யாருக்கு ‘வந்துச்சு’ என்பதையும் நாம் சொல்லித் தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நாம் செய்யக்கூடியது அதைக் கொஞ்சம் கவனித்து நடத்துவது. இதில் உடலுறவு பற்றியோ அரசியல் பற்றியோ ஒரு வார்த்தையும் தேவையில்லை. உன் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களை எப்படி அழைக்கிறாய் என்பது மட்டும்தான். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் பெற்றோரின் நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் வேறுபடுத்தக் கூடாது என்கிறது.

இலக்கணமும் மாறத் தேவையில்லை. அவன், அவள், அவர், அது எல்லாம் அப்படியே இருக்கட்டும். எதை யாருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பள்ளிகள் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் மதிப்பெண் அட்டையின் கடைசி வரியில் இருக்கிறது. ‘பெற்றோர்’ என்ற தமிழ்ச் சொல் ஆண், பெண் காட்டாத நல்ல சொல். ஆனால் அதற்கு நேர்ப் பொருள் ‘பெற்றவர்கள்’. தத்தெடுத்தவர், வளர்க்கும் பாட்டி, பார்த்துக்கொள்ளும் மாமா அதற்குள் நேராக வரமாட்டார்கள். கேரளப் பள்ளிகளில் இதற்கு ‘ரக்ஷிதாவு’ என்ற சொல் புழங்குகிறது, காப்பவர் என்று பொருள். நம் படிவங்களிலும் ‘பெற்றோர் / காப்பாளர் கையொப்பம்’ என்று இரண்டும் இருக்கும். பாட்டி கையெழுத்துப் போட்டு அனுப்பிய அட்டையைப் பார்த்து “அப்பா அம்மா வரலையா?” என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அந்தக் குழந்தைக்கு அன்றைய பெயர்ச்சொல் பாடம் சரியாக முடிந்துவிடும்.